பெருவடிவ ஒளிப்பட அச்சுப்பொறி: தெரிவு பற்றிய சில குறிப்புகள்

பெருவடிவ அச்சு என்றதும் எமது நகரங்களில் வாழ்வோரின் மனக்கண்முன் தோன்றுவன சந்திகளிலே தொங்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளும் வாழ்த்துப் பதாகைகளுமேயாம். கரைப்பான் மையினாலே பிளாத்திக்குத் துணியில் அச்சிடப்பெறும் இவை வீதியின் மறுகரையில் நிற்பவருக்காக ஆக்கப்பட்டவை. அண்மித்து நோக்கின் முகம் புள்ளிகளாகச் சிதறிவிடும். சில மாத வெயிலில் வெளிறியும் விடும். அதுபற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவற்றின் பணி அதற்குள் முடிந்துவிடுகின்றது.

நாம் இங்கு நோக்கவிருப்பது வேறொரு பொறியினை. ஒளிப்படத்தை அருகில் நின்று பார்ப்பதற்காகவும், ஆண்டுகள் பல கழிந்தபின்னும் பார்ப்பதற்காகவும் அச்சிடும் மைத்தாரைப் பொறியே அது. பல்கலைக்கழகத் துறைகளும், ஊர்ச் சனசமூக நிலையங்களும், தமிழ்ச் சங்கங்களும் பழைய படங்களைத் திரட்டிக் காட்சிப்படுத்த முற்படும் இக்காலத்தில், எந்தப் பொறியை வாங்குவது என்ற வினா எழுத்தாளரிடமும் ஆய்வாளரிடமும்கூட வந்து சேர்கின்றது. விற்பனையாளர் கூறும் விடை ஒன்றுண்டு. அது பெரும்பாலும் அவரிடம் அன்று கையிருப்பிலுள்ள பொறியின் பெயராகவே அமைந்துவிடுகிறது.

அச்சுப்படிக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என ஒருவர் வினவலாம். கணினித் திரையிற் பார்த்தாற் போதாதா? இலங்கையின் ஒளிப்பட வரலாறே இதற்கு விடை தருகின்றது. நவீனத்துவ ஒளிப்படக் கலையின் முன்னோடியான லயனல் வென்ற் 1944 இல் மறைந்தார். அவருடைய எதிர்மறைகள் அவரது மறைவின் பின் அழிக்கப்பட்டன. இன்று அவரை நாம் அறிவது எஞ்சிய அச்சுப்படிகளின் வாயிலாகவேயாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும், 1983 இலும் பின்வந்த போர் ஆண்டுகளிலும் எண்ணற்ற வீடுகளும் எரிந்தபோது, ஒரு படி மாத்திரம் இருந்த படம் அந்த ஒரு படியோடு முடிந்தது. உறவினர் வீட்டில் இன்னொரு படி மாட்டப்பட்டிருந்த படம் பிழைத்தது. படியெடுத்தல் என்பது கலைப்பொருளின் தனித்தன்மையைக் குலைக்கின்றது என வோல்ற்றர் பெஞ்சமின் 1936 இல் வெளியான தமது கட்டுரையில் வாதிட்டார். அதிலே ஒரு விடுதலைக் கூறினையும் அவர் கண்டார். எமது சூழலில் படியெடுத்தலுக்கு அதனினும் எளிய ஒரு பொருளுண்டு. பொருள் அழியாது காத்தலே அது.

இனி, இப்பொறி தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடையது. மைத்தாரை அச்சுக் கலைக்காக உருவானதன்று. 1980களில் ஐரிஸ் என்னும் அமெரிக்கப் பொறி அச்சகங்களுக்கான மாதிரிப் படிகளை எடுத்துச் சரிபார்ப்பதற்கெனவே ஆக்கப்பட்டது. சுழலும் உருளையொன்றிற் சுற்றப்பட்ட தாளின்மீது அது மையைத் தொடர்ச்சியாகப் பீச்சியது. சில நாள் நிலைத்தாற் போதுமான அப்படிகளுக்கு நிலைபேறுடைய மை வேண்டப்படவில்லை. இசைக்கலைஞரும் ஒளிப்படச் சேகரிப்பாளருமான கிரகாம் நாஷ், ஐரிஸ் 3047 என்னும் பொறியை 1,26,000 டொலருக்கு வாங்கினார். தடித்த ஓவியத் தாள் உட்செல்ல இடம் போதாதிருந்தமையால், அச்சுத்தலையின் ஒரு பகுதியையே வாளால் அறுத்துப் பின்தள்ளினர். உற்பத்தியாளரின் உத்தரவாதம் அக்கணமே செல்லாதாயிற்று. 1991 இல் கலிபோர்ணியாவின் மன்ஹற்றன் பீச்சில் அவரும் மக் ஹோல்பேட்டும் நிறுவிய நாஷ் எடிஷன்ஸ் என்னும் அச்சகமே எண்ணிமக் கலையச்சின் தொடக்க நிலையங்களுள் தலையாயது. அப்பொறி இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளது. நாஷ் எடிஷன்ஸில் பணியாற்றிய ஜக் டுகான் என்பவரே, பீச்சுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘சிக்லே’ என்ற பெயரை அதே ஆண்டில் உருவாக்கினார். மைத்தாரை என்ற சொல் கலைச் சந்தையில் மலிவான அலுவலகப் பொருளை நினைவூட்டுமென அஞ்சியமையே இப்பெயரின் பின்னணி. பண்டத்தின் பெயர் மாறின் விலையும் மாறும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அன்றைய படிகளின் குறை நிறமழிதலே. சாயம் கரைந்துள்ள மை ஒளிபட்டுச் சில ஆண்டுகளிலேயே மங்கியது. ஹென்றி வில்ஹெல்ம் என்னும் ஆய்வாளர் நிறப்படங்களின் நிலைபேறு குறித்துப் பல்லாண்டு ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட பெருநூல் இச்சிக்கலைப் பரவலாக உணரச் செய்தது. எனினும் ஒளி மாத்திரமே பகையன்று என்பது 2000 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அவ்வாண்டு எப்சன் நிறுவனம் வெளியிட்ட 870, 1270 ஆகிய பொறிகளின் படங்கள் நீடித்து நிற்கும் எனக் கூறப்பட்டிருக்க, சில வீடுகளில் அவை ஓரிரு வாரங்களிலேயே செம்மஞ்சளாக மாறின. காற்றிலுள்ள ஓசோன், நுண்துளையுடைய தாளின் பூச்சினுள் நுழைந்து நீலச்சாயத்தைத் தாக்கியதே காரணமாகும். ஆய்வுகூடத்தில் ஒளியைக்கொண்டு மாத்திரம் செய்த சோதனை வீட்டுச் சுவரின் உண்மையைக் கூறவில்லை.

இதற்கான மாற்றாகவே நிறப்பொருள் மை வந்தது. சாயம் நீரிற் கரைந்து தனித்தனி மூலக்கூறாக நிற்பது. நிறப்பொருளோ கரையாத நுண்துகள். துகளின் மேற்பரப்பு அழிந்தாலும் உள்ளே நிறம் எஞ்சும். ஒளிக்கும் வளிக்கும் அது ஈடுகொடுப்பது இதனாலேயே. 2000 இல் வந்த எப்சன் 2000பீ இவ்வகை மையினைப் பயன்படுத்தியது. ஆயின் அறைவிளக்கில் ஒரு நிறமாகவும் பகலொளியில் பசுமை தோய்ந்தும் அதன் படங்கள் காட்சியளித்தன. 2002 இல் ஏழு நிற மைகளும், 2005 இல் மூன்று தரத்துக் கருமைகளும் சேர்க்கப்பட்ட பின்னரே இக்குறை பெரிதும் நீங்கிற்று. எனவே எமது முதலாவது முடிவு தெளிவானது. காக்கப்பட வேண்டிய படத்துக்கு நிறப்பொருள் மைப் பொறியே வேண்டும். இன்று எமது ஒளிப்பட நிலையங்களிற் காணப்படும், போத்தலிலிருந்து மை ஊற்றும் தாங்கிப் பொறிகள் செலவிற் சிறந்தவை. பளபளப்பான தாளில் அவற்றின் நிறம் மிகக் கவர்ச்சியானது என்பதையும் மறுத்தற்கில்லை. ஆனால் அவற்றின் நிறமைகள் சாயத்தாலானவை. திருமணத் தொகுப்பேட்டுக்கு அவை ஏற்றவை, ஆவணத்துக்கு அல்ல.

நிலைபேற்றுக்கான ஆண்டுக் கணக்குகளைப் பற்றியும் ஒரு சொல். இருநூறு ஆண்டுகள் என விளம்பரம் கூறும்போது, எவரும் இருநூறு ஆண்டு காத்திருந்து அளந்ததில்லை. கடும் ஒளியைச் சிறிது காலம் பாய்ச்சி, நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் ஒளி என்ற எடுகோளின்படி நீட்டிக் கணித்த எண்ணே அது. மைகளைத் தம்முள் ஒப்பிடுவதற்கு அது உதவும். யாழ்ப்பாணத்துத் திறந்த தாழ்வாரத்திலோ பேராதனையின் ஈரச் சுவரிலோ மாட்டிய படத்தின் ஆயுளை அது கூறமாட்டாது.

அடுத்து, மையைத் தள்ளும் முறை. இதில் இரு நெறிகள் உள. கனன் நிறுவனத்தில் 1977 இல் சூடான பற்றாசுகோல் ஒன்று மை நிரம்பிய ஊசியிற் பட்டு மை சிதறியமை கண்டு உருவானது வெப்ப நெறி. தாரைத்துளையின் பின்னுள்ள நுண்ணிய தடை கணப்பொழுதிற் சூடேற, நீராவிக் குமிழொன்று தோன்றி மைத்துளியை உந்தும். எப்சன் கைக்கொள்வது அழுத்தமின் நெறி. மின்னழுத்தத்தால் வளையும் தகடு துளியை நெருக்கித் தள்ளும். இரண்டிலும் துளியின் அளவு சில பிக்கோலீற்றர். அதாவது ஒரு லீற்றரின் இலட்சங்கோடியில் சில பங்கு. படத்தின் தரத்தில் இவற்றிடையே பெரிய பேதம் இன்றில்லை. பேதம் பொறியின் வாழ்வில் உண்டு. வெப்பத் தலை தேய்ந்துபோவது. ஆயின் கனன் பொறிகளில் உரியவரே அதனைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். சில துளைகள் அடைபட்டால் வேறு துளைகள் அப்பணியைத் தாமே ஏற்கும். எப்சன் தலை நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அது நிரந்தரமாக அடைபடின் தொழினுட்பவியலாளர் வரவேண்டும். கொழும்பிலிருந்து தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது சிறு விடயமன்று. நாம் அறிந்த ஒரு நிலையத்தில் நன்கொடையாகக் கிடைத்த பொறியொன்று விடுமுறை மாதங்களில் இயக்கப்படாது கிடந்து, அடைபட்டு, இப்போது கோப்புகள் அடுக்கும் மேசையாகப் பயன்படுகிறது.

நடைமுறையில் எம்மனையோர் முன்னுள்ள தெரிவு பெரும்பாலும் 17 அங்குல அகலப் பொறிகளுக்கிடையேயாம். எப்சன் பீ-900 2020 இல் வந்தது. பத்து மைகள்; ஒவ்வொரு கலனும் 50 மில்லிலீற்றர். இதற்கு முந்திய பீ-800 இல், மங்கல் தாளிலிருந்து பளபளப்புத் தாளுக்கு மாறும்போதெல்லாம் ஒரே வழியால் இரு கருமைகளை மாற்றவேண்டி மை வீணாயிற்று. பீ-900 இல் இரண்டுக்கும் தனித்தனித் துளைகள் உள. சுருள் தாளுக்கான இணைப்பை வேறாக வாங்கிப் பொருத்தலாம். எடை ஏறக்குறைய 15 கிலோ. கனன் புறோ-1000 பன்னிரண்டு கலன்களையுடையது. ஒவ்வொன்றும் 80 மில்லிலீற்றர். அவற்றுள் ஒன்று நிறமற்ற பூச்சு. பளபளப்புத் தாளில் மை படிந்த இடமும் படியாத இடமும் வேறுவேறாக மின்னுவதை அது தடுக்கும். எடை 32 கிலோ. சுருள் தாளை அது ஏற்காது. அதன் வழித்தோன்றலாகப் புறோ-1100 2024 இல் அறிமுகமாயிற்று. நீண்ட அகலப்பரப்புக் காட்சிகளை அச்சிட விழைவோர் எப்சனையும், தொழினுட்ப உதவி எட்டாத இடத்திலிருந்து தனித்தாளில் அச்சிடுவோர் கனனையும் நாடுதல் பொருத்தமென்பது எமது கருத்து. இரண்டின் படங்களையும் சட்டமிட்டு மாட்டியபின் எது எதுவென இனங்காண்பவர் மிகச் சிலரே.

24 அங்குலம் வேண்டாமா என்பார்க்கு: இப்பெரும்பொறிகள் நிறுத்தியுடன் 100 கிலோ அளவு எடையுடையன. மாடிப்படியில் ஏற்றுவதற்கே நால்வர் வேண்டும். ஆயினும் மைக்கலன்கள் 700 மில்லிலீற்றர் வரை கிடைப்பதால் ஒரு மில்லிலீற்றருக்கான விலை வெகுவாகக் குறையும். ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் மை செலவாகும் எனக் கொள்வது வழக்கம். 17 அங்குலத்துக்கு 22 அங்குலப் படம் இரண்டரைச் சதுர அடிக்குச் சற்று மிகை. ஆகவே மூன்று மில்லிலீற்றர் வரை செல்லும். தலையைக் கழுவும்போது வீணாகும் மை இக்கணக்கிற் சேராது. வாரத்துக்குப் பத்துப் படமேனும் அச்சிடாத நிலையத்தில், படத்துக்குச் செல்லும் மையிலும் கழிவுப் பெட்டிக்குச் செல்லும் மை மிகுந்துவிடக்கூடும். பொறியின் விலையை மாத்திரம் பார்த்து முடிவெடுத்தல் இங்குதான் பிழைக்கின்றது. பொறியை மலிவாக விற்று மையில் இலாபம் ஈட்டுவதே இத்தொழிலின் நீண்டகால வணிக முறை. கலன்களிற் பொருத்தப்பட்ட நுண்சில்லு, பிற உற்பத்தியாளரின் மையைப் பொறி ஏற்காது தடுப்பதற்கும் பயன்படுத்தப்படுகிறது. பொறி எமது சொத்து. அதை இயக்கும் உரிமை முழுமையாக எம்மிடமில்லை. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதிப் பண்டமொன்றில் தங்கியிருப்பதன் பொருளை எமக்கு நன்கு கற்பித்தது. பொறிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு முழுத் தொகுதி மேலதிக மைக்கும் இடம்வைத்தல் இன்றியமையாதது.

படத்தின் அளவுக்கும் தெளிவுக்குமுள்ள உறவு பலரையும் மயக்குவது. பொறியின் பெட்டியில் 5760, 2880 என அச்சிட்டிருக்கும் எண்கள் மைப்புள்ளிகளைக் குறிப்பன, படத்தின் நுட்பத்தையல்ல. பொறி உண்மையில் வேண்டுவது அங்குலத்துக்கு 300 அல்லது 360 படப்புள்ளிகள். அதுவும் எப்போதுமன்று. மனிதக் கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. 30 சென்றிமீற்றர் தொலைவில் இது அங்குலத்துக்கு 290 புள்ளிகளாகும். ஒரு மீற்றர் தொலைவில் 87 மாத்திரமே. 24 அங்குலத்துக்கு 36 அங்குலப் படத்தை 300 புள்ளி வீதம் அச்சிட ஏழு கோடியே எழுபத்தெட்டு இலட்சம் படப்புள்ளிகள் வேண்டும். 180 வீதமெனின் இரண்டு கோடியே எண்பது இலட்சம் போதும். பின்னையதை இன்றைய சாதாரண ஒளிப்படக் கருவியே தருகின்றது.

ஆனால் எம்மிடம் வரும் படங்கள் அத்தகையனவல்ல. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். போரிற் காணாமற்போன அல்லது மறைந்த ஒருவரின் எஞ்சியுள்ள ஒரேயொரு படம், அடையாள அட்டைக்கு எடுத்த, 35 மில்லிமீற்றருக்கு 45 மில்லிமீற்றர்ப் படமாகவே பலவேளைகளில் இருக்கும். அதனை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் வருடினால் அகலத்தில் 1650 அளவு படப்புள்ளிகள் கிடைக்கும். 17 அங்குலத்துக்கு விரிப்பின் அங்குலத்துக்கு 97. ஒரு மீற்றர் விலகி நின்று பார்க்க இது போதுமெனக் கணக்குக் கூறும். கணக்கு முழு உண்மையன்று. பழைய கடதாசிப் படத்தில் 1200 புள்ளிக்குரிய நுட்பம் இருப்பதில்லை. நாம் பெரிதாக்குவது பெரும்பாலும் தாளின் மயிர்களையும் மணிகளையுமே. எனவே இத்தகைய படத்தை 8 அங்குலத்துக்கு அப்பால் விரிக்காது, அகன்ற வெள்ளை விளிம்போடு பெரிய தாளின் நடுவே அச்சிடுதல் நன்று. பளபளப்புத் தாள் குறைகளைத் துலக்கிக் காட்டும். மங்கலான பருத்தித் தாள் அவற்றைத் தன் இழையோடு சேர்த்துக்கொள்ளும்.

இன்று கணினி மென்பொருள்கள் தெளிவற்ற முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகக் கூறுகின்றன. அவை செய்வது தெளிவாக்கலன்று. எண்ணற்ற வேறு முகங்களிலிருந்து பயின்ற கண்ணையும் பல்லையும் இங்கு பொருத்துவதாகும். ஒரு தாய்க்கு மகனின் படத்தைக் கொடுக்கும்போது வேறெவரோ ஒருவரின் கண்ணை அதில் வைத்துக் கொடுக்க எமக்கு உரிமையில்லை. கீறலை அழிக்கலாம், வெளிறிய கருமையை மீட்கலாம். அதற்கப்பால் செல்லலாகாது என்பதே எமது நிலைப்பாடு. இதற்கு மாறான கருத்துடையோரும் உளர்.

இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாதலால், பொறியைத் தெரிவோர் நிறங்களின் எண்ணிக்கையைவிடச் சாம்பல் மைகளின் எண்ணிக்கையை நோக்குதல் தகும். நிறமைகளைக் கலந்து சாம்பலை ஆக்கும் பொறியில் நிழற்பகுதி சிவந்தோ பசுந்தோ போகும். கருமையுடன் இரு தரத்துச் சாம்பலேனும் உள்ள பொறியே வேண்டும். மேற்கூறிய இரு பொறிகளும் இதில் தேறுவன. தாளில், ஒளிர்வூட்டி சேர்க்கப்பட்டவை முதலிற் பால்போல் வெண்மையாகத் தோன்றி, ஒளிர்வூட்டி அழிந்ததும் மஞ்சளாகும். ஒளிர்வூட்டியும் அமிலமும் அற்ற பருத்தித் தாள் தொடக்கத்தில் சற்றே பழுப்பாயினும் அவ்வாறே நிற்கும். ஒவ்வொரு தாளுக்கும் பொறிக்குமுரிய நிறவிவரக் கோப்பைத் தாள் உற்பத்தியாளரே இலவசமாகத் தருகின்றனர். அதைப் பயன்படுத்தாது, திரையையும் சீர்செய்யாது, பொறியைக் குறைகூறுவோரே மிகப்பலர்.

எமது காலநிலை பற்றிப் பொறியுடன் வரும் கைந்நூல்கள் அதிகம் கூறுவதில்லை. தாளுக்கு உகந்த ஈரப்பதன் 40 முதல் 60 நூற்றுவீதம். மழைக்காலத்தில் எமது அறைகளில் அது 80 ஐயும் தாண்டும். ஈரத்தை உறிஞ்சிய பருத்தித் தாள் அலைபோல் நெளிந்து அச்சுத்தலையில் உரசும். ஒரு பெருந்தாளும் சிலவேளை தலையும் பாழாகும். தாளை மூடிய உறையில் உலர்த்தியுடன் வைத்தலும், அச்சிட்டபின் ஒருநாள் உலரவிட்டே சட்டமிடுதலும் வேண்டும். மின்வெட்டு இதனினும் கொடியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அச்சிடும் வேளையில் மின் அற்றுப்போனால் தலை தன் மூடியிற் சென்று அமராது திறந்தபடியே நின்று உலரும். சில நிமிடம் தாங்கும் மின்சேமிப்பு அலகொன்று, நடந்துகொண்டிருக்கும் படத்தை முடித்துப் பொறியை முறையாக அணைக்கப் போதும். அதன் விலை அச்சுத்தலையின் விலையிலும் மிகக் குறைவு.

பொறியைப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் வாங்குமுன்னரே தீர்மானித்தல் வேண்டும். வாரத்துக்கொரு முறையேனும் எல்லா நிறமும் அடங்கிய சிறுபடம் ஒன்றை அச்சிட ஒருவர் இல்லாத சங்கம், பொறி வாங்காது, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நிறப்பொருள் மையில் அச்சிடும் நிலையத்துக்குக் கோப்பை அனுப்புவதே சிக்கனம். ஆண்டுக்கு ஒரு கண்காட்சி, நாற்பது படங்கள் என்ற அளவில் எமது கணக்கு இம்முடிவையே தருகின்றது. மாதந்தோறும் ஊர்களிலிருந்து படங்கள் வந்துகொண்டிருக்கும் நிலையம் சொந்தப் பொறியை வாங்கலாம். அவ்வாறு வாங்கச் செல்வோர், கடைக்காரர் காட்டும் கிளியையும் பூவையும் பார்த்துத் திரும்பாது, தாம் அச்சிட விரும்பும் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றின் கோப்பைத் தம்முடன் எடுத்துச்சென்று, தாமே தெரிந்த தாளில் அச்சிட்டுத் தருமாறு கேட்டு, அதனைக் கடைக்கு வெளியே பகலொளியிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.